மூன்று ஸீ

முதலில் என்னைக் கேவலப்படுத்தியவள் ராஜகுமாரி. என் மனைவி. தீபாவளியன்று, தன் தம்பி பார்த்தசாரதியின் வாயில் வடை இருக்கும்போது சொன்னாள்:

"எட்டாங்கிளாஸ் ஃபெயிலு. இதுக்கு ஜெர்மன் எங்க வரப்போவுது?"

அவன் சிரித்தான். பாதி வடை என் புதுச் சட்டைமேல்.

ஜெர்மனியில் என் மகள் நிஷா வேலைக்குத் திரும்புகிறாள். பேத்தியைப் பார்த்துக்கொள்ள எங்களில் ஒருவர் மூன்று மாதம் போக வேண்டும். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். பகலெல்லாம் அவருடைய அம்மாவோடு ஜெர்மனில் பேசியாக வேண்டும். பனி என் மூட்டுக்கு ஆகாது என்று அன்றே கழன்றுகொண்டேன். போவது ராஜகுமாரிதான்.

செல்போனில் ஜெர்மன் பாடம் படித்தவள் ஒரே இடத்தில் சிக்கி நின்றாள்.

"அவள்னாலும் ஸீயாம். அவங்கன்னாலும் ஸீயாம். நீங்கன்னாலும் ஸீயாம். மண்ட காயுதுய்யா."

"இங்க குடு, நான் பாக்கறேன்."

"உனுக்கு இன்னா தெரியும்? போய் பால் வாங்கினு வா."

"நான் கண்டுபுட்ச்சிட்டா? உன் தம்பி எதிர்ல மன்னிப்பு கேக்கணும்!"

"கேக்கறேன் போ."

பத்து நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மொட்டை மாடியில் ஸீ. பால் கடையில் ஸீ. நெமிலிச்சேரியில் இறங்க வேண்டியவன் திருவள்ளூர் வரை ரயிலில் ஸீ. எதிர் சீட்டுக்காரம்மா எழுந்தேவிட்டாள்.

"இன்னா பெர்சு, என்னைப் பாத்து ஸீ ஸீன்னுகினு கீறே?"

கடைசியில் பிடித்தேன். பின்னால் 'இஸ்ட்' வந்தால் அவள். 'ஸிண்ட்' வந்தால் அவர்கள் அல்லது நீங்கள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நீங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பார்த்தசாரதியை வரவழைத்து உட்காரவைத்தேன். வீடியோவில் ஜெர்மன் சம்பந்தியம்மா பத்து வாக்கியம் சொன்னார். ஒவ்வொன்றிலும் எந்த ஸீ என்று நான் சொன்னேன். பத்துக்குப் பத்து! பள்ளிக்கூடத்தில் பார்க்காத மார்க்.

நிஷா கை தட்டினாள். "சூப்பர் நைனா! ரோஷம் வந்தா நீ கத்துக்குவேன்னு அம்மா அப்பவே சொல்லுச்சு. உன் பேர்லயே டிக்கெட் போட்டுட்டேன்."

"என் பேர்லயா? என் மூட்டு?"

"அங்க ஊட்டுக்குள்ள ஹீட்டர் கீதாம்," என்றாள் ராஜகுமாரி. "எனுக்குத்தான் ஜெர்மன் வர்லியே."

சொல்லிவிட்டு போனை வாங்கினாள். சம்பந்தியம்மாவோடு மளமளவென்று ஜெர்மனில் பேசினாள். ஒரு ஸீகூடத் தடுக்கவில்லை. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னா சொல்றா உங்கம்மா?"

"உன்னை அனுப்பறதுக்கு முன்கூட்டியே மன்னிப்பு கேக்குது, நைனா."

ஆக, தம்பி எதிரில் மன்னிப்புக் கேட்டுவிட்டாள். என்னிடம் இல்லை.