மிச்சம் அக்காவின் முடியாத போர்வை

பூகம்பமே வந்தாலும் இனிமேல் நான் நிதானமாக எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தெருவில் போய் நிற்பேன். அதிர்ச்சி அடைவதற்கு ஒரு மனிதனுக்கு ஆயுசில் எவ்வளவு தெம்பு உண்டோ, அத்தனையையும் மிச்சம் அக்காவிடமே செலவழித்துவிட்டேன்.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் நான் கேஷியராக இருந்தேன். அக்காவுக்கு அங்கே குச்சு கட்டும் வேலை. புடவை வாங்கினால் முந்தானை நுனியில் பட்டு நூலால் குஞ்சம் வைத்துத் தருவார்கள் அல்லவா, அதுதான். அக்கா அதைக் கொக்கி ஊசியால் குரோஷா போட்டுப் பின்னுவார். மற்ற நேரத்தில் ஊசி அவர் கொண்டையில் இருக்கும். பெற்றவர்கள் வைத்த பெயர் முதலாளிக்கே மறந்துவிட்டது. எதிலும் மிச்சம் வைக்கக் கூடாது என்பது அவர் வாழ்க்கை லட்சியம். அதனால் மிச்சம் அக்கா.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், டிபன் டப்பாவில் அரை இட்லியை வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் இட்லியைக் காணோம். மறுநாள் மத்தியானம் அக்கா ஒரு சின்னக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

“சாப்புடு தம்பி. இட்லி உப்புமா.”

வாசனையாக இருந்தது. இரண்டு வாய் போட்டேன்.

“நேத்து நீ வெச்ச இட்லிதான். கடுகு தாளிச்சுட்டேன்.”

மூன்றாவது வாய் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கடை சாத்துகிற நேரத்தில் என் போன் அடிக்கும். வீடியோ கால். எடுத்தால் அக்கா முகம். நிமிர்ந்தால் எதிர் மேசையில் அதே முகம்.

“இன்னாக்கா?”

“ஒண்ணும் இல்லப்பா. இன்னிக்கு டேட்டா மிச்சம் இருக்குது. சும்மா பாத்துக்கினு இரு.”

பார்த்துக்கொண்டு இருப்பேன். வேறு என்ன செய்வது?

இப்படிப்பட்டவரிடம், குச்சு கட்டி மீந்த பட்டு நூலையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார் முதலாளி. அக்கா அவரைப் பார்த்த பார்வையில் மனுஷன் இரண்டு அடி பின்னால் போய், “சரி, நீயே வெச்சுக்கோ” என்றார். மாம்பழ மஞ்சள், அரக்கு, கிளிப்பச்சை, மயில் கழுத்து என்று துண்டு துண்டாகக் கிடந்ததை நாலைந்து இழையாகச் சேர்த்து முடிந்து, அக்கா போர்வை பின்ன ஆரம்பித்தார். யாருக்கு என்று கேட்டால், “முடியட்டும், ஆளா கிடைக்காது?” என்பார். வீட்டுக்குப் போகும் ஓரிக்கை பஸ்ஸில் பின்னினார். சாமி புறப்பாட்டில் ஊரே கை கூப்ப, அக்கா ஊசியோடு கூப்பினார்.

அந்த ஆள் எங்கள் கடையிலேயே கிடைத்தார். செக்கிங் ஏகாம்பரம் அண்ணன். தறிச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர். நெய்து வருகிற புடவையை மேசையில் விரித்துத் தடவி, நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை விரலால் பிடுங்குவது அவர் வேலை. அந்த விரலுக்கு லீவு கிடையாது. தாலி கட்டப் போன மாப்பிள்ளையை நிறுத்தி அங்கவஸ்திரத்தில் பிசிறு எடுத்தவர்.

அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டிய நேரத்தில் கடையில் வந்து உட்கார்ந்தார்.

“போகலப்பா. ரத்தம் வெளிய போய் ஐஸ் தண்ணியா திரும்பி வருது. பல்லு கிட்டிக்கினு நாலு மணி நேரம் யாரு கெடக்கறது? இனிமே போறதாவும் இல்ல.”

போகாவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அக்காதான் கேட்டார்.

“கம்பளி போத்திக்கறதுதானேண்ணே?”

“ஒடம்பெல்லாம் அரிக்குதும்மா.”

“பட்டு அரிக்காது. செவ்வாக்கெழம இத போத்திக்கினு போங்க. நாலு வெரல் அகலந்தான் பாக்கி.”

ஏகாம்பரம் அண்ணன் போர்வையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முகம் அஷ்டகோணலானது. “பாவு இல்ல, ஊடை இல்ல, தறியும் இல்ல. ஒத்த நூலு. இது துணியாம்மா? மீன் புடிக்கப் போகலாம்.” ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதுவே எங்களுக்குப் பெரிய நிம்மதி.

திங்கட்கிழமை மத்தியானம். கல்யாணப் பெண்ணும் சொந்தமும் கூறைப்புடவை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஊசியை உருவிக் கொண்டையில் செருகி, போர்வையைச் செக்கிங் மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். கையிலிருந்த துண்டு நூல் தீர்ந்து, நுனி தொங்கிக்கொண்டிருந்தது. ஏகாம்பரம் அண்ணன் வந்தார். தொங்குகிற நுனியைப் பார்த்தார். கை தானாகப் போயிற்று.

நெய்த துணியில் பிசிறை இழுத்தால் விரல் நீளம் வரும், அதோடு சரி. குரோஷாவில் அந்தக் கடைசி நுனிதான் மொத்தத்துக்கும் பூட்டு. தறி தெரியாதவன் இல்லாத ஊரில் இந்த விஷயம் அக்காவைத் தவிர ஒருத்தருக்கும் தெரியவில்லை.

“இன்னாடா இது, வந்துக்கினே இருக்குது” என்று இழுத்தார். முடிவு வந்துவிடும் என்று இன்னும் வேகமாக இழுத்தார். மாம்பழ மஞ்சள் போயிற்று. அரக்கு போயிற்று. கிளிப்பச்சை சரசரவென்று போய்க்கொண்டிருந்தது. கல்யாணப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா வந்து நின்றபோது பாதிப் போர்வை மேசையில் இருந்தது, மீதி அண்ணனின் காலடியில் நூலாகக் குவிந்திருந்தது.

அக்கா கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். குத்தப் போகிறார் என்றே நினைத்தேன்.

“பிசிறுன்னு நெனச்சேம்மா” என்றார் அண்ணன்.

“பிசிறு இல்லண்ணே. அதோட உசிரே அதுலதான் இருக்குது.”

ஏகாம்பரம் அண்ணன் அழுதுவிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன் கடை நடுவில் அழுததைப் பார்த்து நாங்கள் ஆடிப்போய்விட்டோம். அக்கா மட்டும் அசையவில்லை.

“அழுவாதீங்க. ரெண்டு கையையும் நீட்டுங்க.” நீட்டிய கைகளில் நூலைச் சுற்ற ஆரம்பித்தார். “இருக்கறது காலுக்கு வரும். நாளைக்கு இத எடுத்துக்கினு போங்க. திரும்பி வந்து குடுங்க, மேல பின்றேன்.”

“பாதிப் போர்வையோடயா போறது?”

“பிரிச்சது யாரு?”

அண்ணன் செவ்வாய்க்கிழமை போனார்.

வெள்ளிக்கிழமையும் போனார். ஒவ்வொரு முறையும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் போர்வை அக்காவிடம் போகும். ஒரே ஒரு வரிசை ஏறித் திரும்பி வரும். அண்ணன் அதை மேசையில் விரித்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு செக்கிங் செய்வார்.

“இந்த வரிச இழுத்துக்கினு இருக்குது. எப்பம்மா முடிப்ப? மாசக் கணக்காச்சு, மாருக்கே இன்னும் வரல.”

“நூல் கெடைக்கலண்ணே. அடுத்த தடவ போய்ட்டு வாங்க, பாக்கலாம்.”

“ஒரு போர்வைக்கு இவ்ளோ நாளா? எங்க வூட்டுல தறியிலேர்ந்து பத்து பொடவ அறுத்திருப்போம்.”

திட்டிக்கொண்டே அடுத்த தடவையும் போய்விட்டு வருவார்.

ஒருநாள் கத்தரிக்கோல் தேடி அக்காவின் மேசை டிராயரை இழுத்தேன். இழுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உள்ளே மாம்பழ மஞ்சள் உருண்டை, அரக்கு உருண்டை, கிளிப்பச்சை உருண்டை. அன்றைக்குப் பிரிந்த அதே நூல். டிராயர் மூட முடியாத அளவுக்கு நூல்.

“அக்கா, நீங்களா மிச்சம் வெச்சிருக்கீங்க?”

அக்கா எட்டி வந்து டிராயரை இடுப்பால் தள்ளி மூடினார்.

“கத்தாத தம்பி. இது முடிஞ்சுதுன்னு வையி, அந்த ஆளு போகாம இருக்க வேற சாக்கு தேடுவாரு. இப்ப என்னைத் திட்டறதுக்காகவாவது போய்ட்டு வந்துக்கினு இருக்காரு இல்ல?”

சொல்லிவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி குச்சு கட்ட உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானம் என் டப்பாவில் அரை இட்லியை வேண்டுமென்றே மிச்சம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். மறுநாள் வந்த உப்புமாவில் ஒரு கடுகைக்கூட நான் விடவில்லை.