நாலாவது வாரத்து விஞ்ஞானி

ஆன்டெனாவை மலைப் பக்கமாகத் திருப்பியதும் படம் கண்ணாடி போலத் தெளிந்துவிட்டது. கீழே கூடத்தில் ஒரே கைதட்டல். மொட்டை மாடியில் நின்ற சக்கரபாணி வாத்தியாருக்குக் குப்பென்று வியர்த்தது. படம் தொலையட்டும் என்றுதான் அவர் திருப்பியிருந்தார்.

"நாங்கல்லாம் மெட்ராஸ் பக்கம் திருப்புவோம், சார் மலைப் பக்கம் திருப்புறாரு. சயின்ஸ் படிச்சவரு படிச்சவருதான்!" என்றார், டிவி பெட்டியை வாடகைக்குக் கொண்டுவந்திருந்த ரேடியோ கடை நூருல்லா.

விஞ்ஞானத்தை வைத்துக் கொலையும் கொள்ளையும் செய்கிற கும்பல்களைப் பற்றி வாராவாரம் ஓடிய தொடர் அது. நாலாவது வாரத்தில் தலைமை விஞ்ஞானியாகத் தாம் வரப்போவதைப் பள்ளிக்கூடம் முதல் தேரடி வரை வாத்தியார் சொல்லி முடித்திருந்தார். விஞ்ஞானியாக வருவது பொய்யில்லை. நச்சுக் கதிர் பட்டு, கதை தொடங்குமுன்பே செத்துப்போன விஞ்ஞானி. முகத்தில் நீலச் சாயம், மூக்கில் பஞ்சு. வசனம் கிடையாது.

இன்றைக்கென்று பார்த்து மகள் சரசுவை நிச்சயம் செய்யக் கீழ்பென்னாத்தூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை மெட்ராஸ் டிவி ஸ்டேஷனில் ஆபீசர். டியூட்டி என்று வரவில்லை.

"முதல்ல தட்ட மாத்திக்கலாமே, டிவி எங்க போயிடப்போவுது?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா ஆதிமூலம்.

"அதெப்படிங்க? இவரு நடிச்சத நீங்க பாக்க வேணாமா?" என்று மறித்தாள் வாத்தியாரின் மனைவி பச்சையம்மாள்.

நல்ல காரியத்தன்று பெண்ணின் தகப்பன் பிணமாகக் கிடப்பதைப் பார்த்தபின் எவன் தட்டு மாற்றுவான்? வாத்தியார் ஓசைப்படாமல் போய் ஃபியூஸைப் பிடுங்கினார்.

வீடு இருண்டது. "கவலைய வுடுங்க சார், வேன் பேட்டரியில கூட ஓடும்" என்று நூருல்லா தன் வேனிலிருந்து பேட்டரியைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டார். வாத்தியார் வீடு மட்டும் ஏன் இருட்டாக இருக்கிறது என்று விசாரிக்க வந்த தெருவும் உள்ளே உட்கார்ந்துகொண்டது. கூடம் டூரிங் கொட்டகை ஆயிற்று.

அறிவிப்பாளர் அம்மாள் திரையில் தோன்றினாள். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார்.

"தவிர்க்க முடியாத காரணங்களால் இந்தத் தொடர் நிறுத்தப்படுகிறது. அடுத்து, வேர்க்கடலையில் சுருள்பூச்சி."

தெரு மொத்தமும் உச்சுக்கொட்டியது. வாத்தியார் கண்ணைத் திறந்தார். மார்பும் தானாக நிமிர்ந்தது.

"எனக்கு அப்பவே தெரியும். நச்சுக் கதிர் ஃபார்முலாவ அப்படியே புட்டுப்புட்டு வெச்சிட்டேன். டெல்லியில பயந்துட்டான்."

"இருக்கும், இருக்கும்" என்று ஆதிமூலம் அவசரமாகத் தட்டை நீட்டினார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் தட்டு மாறியது. "உங்கள மாதிரி மேதை எங்களுக்குச் சம்பந்தியா கெடைச்சது பாக்கியம்."

வாத்தியார் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அம்மா ராஜம்மாள், வெற்றிலை எடுக்கிற சாக்கில் அவர் பக்கம் குனிந்தாள்.

"நல்ல வேள நிறுத்துனாங்க அண்ணா, எங்க மானமும் தப்பிச்சுது. ஸ்ட்ரெச்சர்ல உங்களக் கால்மாட்டுல புடிச்சித் தூக்கினு போறதே எம்புள்ளதான்."