ஒரு டின் தக்காளிக்கு ஒரு பல்

"அக்கா, பல்லு உள்ள விழுந்துடுச்சு!"

"விழட்டும்டா. அதுல போடத்தானே சொன்னேன்."

"ஐயோ, ஒரே ஒரு பல்லுக்கா..."

"ஒண்ணு பத்தலைன்னா இன்னொண்ணு போடு. இதுக்கெல்லாமா போன் பண்ணுவே? பத்து நிமிஷத்துல அடுப்பை அணைச்சிடு." அக்கா போனை வைத்துவிட்டாள்.

லிஃப்ட் மெக்கானிக் பீட்சா சாஸ் கொதிக்கும் சட்டியை வெறித்துப் பார்த்தான். அக்கா பேசியது பூண்டுப் பல்லைப் பற்றி. அவன் பேசியது தன் சொந்தப் பல்லைப் பற்றி.

சொந்தம் என்றால் பிறவிச் சொந்தம் இல்லை. இரண்டு வருடம் முன்பு ஸ்பேனர் நழுவி முன்பல் ஒன்று போய்விட, அந்த இடத்தில் கட்டிய பல் அது. போன வாரம் ஆட்டம் கண்டது. "இப்போதைக்கு ஒட்டியிருக்கேன், சூடா எதையும் வாயில வைக்காதீங்க" என்று பல் டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். இவனோ கொதிக்கிற சாஸைக் கரண்டியோடு வாயில் வைத்து, சுட்டதும் மூச்சையெல்லாம் கூட்டி ஊதினான். மூச்சோடு பல்லும் கிளம்பிப் போய்விட்டது.

அதுவும் இன்றைக்கா போக வேண்டும்! மூன்று மாதமாகப் பழகிய நூலகர், தன் தங்கையோடு மதியம் சாப்பிட வருகிறாள். கல்யாணத்துக்குச் சம்மதமா இல்லையா என்று இன்று சொல்லிவிடுவாள். போன வாரம்தான் அந்த மெல்லிய குரலில், "உங்க சிரிப்பைப் பார்த்துதான் எனக்கு உங்களைப் பிடிச்சுது" என்றிருந்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு பகுதி ஒட்டவைத்தது என்று எந்த முகத்தோடு சொல்வது? அவனுக்கு அழுகையே வந்தது.

அக்கா சொன்ன செய்முறை ரொம்பச் சுலபம். ஒரு டின் தக்காளியைக் கையால் நசுக்கி, உப்பும் எண்ணெயும் ஒரு பல் பூண்டும் போட்டால் ஆயிற்று. ஆர்வக்கோளாறில் இவன் ஒரு முழுப் பூண்டையே உரித்துப் போட்டிருந்தான். இப்போது கரண்டியில் வந்ததெல்லாம் பல்தான். ஒன்றுகூட அவனுடையது இல்லை.

சாஸ் கெட்டியாக இருப்பதால்தான் கண்ணில் படவில்லை என்று இரண்டாவது டின்னைத் திறந்து ஊற்றினான். அதிலிருந்த முழுத் தக்காளிகளுக்கு அடியில் பல் இன்னும் வசதியாக ஒளிந்துகொண்டது. சட்டி பொங்கி அடுப்பில் வழிந்தது. பெரிய குண்டானுக்கு மாற்றினான். வடிகட்டலாம் என்றால், வீட்டில் இருந்தது டீ வடிகட்டி. அதில் ஆரம்பித்தால் கல்யாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்க வேண்டியதுதான்.

மறுபடி போன் போட்டான். "அக்கா, பல்லு கொதிச்சா மேல வருமா, அடியில தங்குமா?"

"வெந்தா மசிஞ்சிடும்டா. இருந்த இடமே தெரியாது."

அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டான்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. பச்சைப் பூண்டில் அளவாக ஒரு பல்லை எடுத்து, கண்ணாடி முன்னால் நின்று, ஓட்டையில் செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது! ஒரே சிக்கல், 'ச' வந்தால் விசில் அடித்தது. "சாஸ்" என்று சொல்லிப் பார்த்தான். இரண்டு விசில்.

அழைப்புமணி அடித்தது.

"வாங்க, உக்காருங்க" என்றான், வார்த்தைகளைப் பொறுக்கி எடுத்து.

"வாசனை ஆளைத் தூக்குதே! சாஸ் எப்படிப் பண்ணீங்க?" என்றாள் தங்கை. வாயாடி.

"தக்காளி. உப்பு. எண்ணெய்."

நூலகர் உதடு பிரியாமல் புன்னகைத்தாள். நூலகத்தில் இருந்து இருந்து சத்தமில்லாமல் சிரிக்கப் பழகிவிட்டாள் போலும் என்று அவன் உருகினான்.

"எனக்குப் பசி உயிர் போகுது, நானே தடவிடறேன்" என்று தங்கை சமையலறைக்குள் நுழைந்துவிட்டாள்.

"வேண்டாம்! அந்தச் சா... சா... அந்தத் தக்காளியை எடுக்காதீங்க!"

"விசில் எல்லாம் அடிக்கறீங்க! இன்னிக்கு ரொம்பக் குஷிதான்" என்றபடி அவள் சாஸை அள்ளி அள்ளிப் பீட்சா ரொட்டியில் தடவி, சீஸைத் தூவி, ஓவனுக்குள் தள்ளிவிட்டாள்.

பீட்சா மேஜைக்கு வந்ததும் அவன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வெட்டத் தொடங்கினான். எட்டுத் துண்டு பதினாறாகி, பதினாறு முப்பத்திரண்டானது. கத்தி முனையால் ஒவ்வொன்றையும் குத்திப் பார்த்தான்.

"இவ்வளவு பொடியாவா?" என்றாள் தங்கை.

"நல்லா... மெல்லலாம்."

தன் பங்கை ஒரு கடி கடித்தான். பூண்டுப் பல் அதோடு சேர்ந்து தொண்டைக்குள் இறங்கிவிட்டது. சட்டென்று கையால் வாயை மூடிக்கொண்டான். எதிரே நூலகரும் வாயைக் கையால் மறைத்துக்கொண்டுதான் மென்றாள். பிடிக்கவில்லை, மரியாதைக்குச் சாப்பிடுகிறாள் என்று அவனுக்குப் புரிந்துபோனது.

"ரெண்டு பேரும் ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க?" என்றாள் தங்கை.

நறுக்கென்று ஒரு சத்தம்.

நூலகர் மெல்வதை நிறுத்தினாள். கைக்குட்டைக்குள் எதையோ துப்பி எடுத்துப் பார்த்தாள். வெள்ளையாக, சின்னதாக, சந்தேகமே இல்லாமல் ஒரு முன்பல். அவள் முகம் வெளுத்தது. கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

எல்லாம் முடிந்தது என்று மெக்கானிக் எழுந்து நின்றான். உண்மையைச் சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். விசில்தான் வந்தது.

அதற்குள் தங்கை அக்காவின் கையை விலக்கி, முகவாயைத் தூக்கி, வாய்க்குள் எட்டிப் பார்த்தாள்.

"அழாதேக்கா, நீ கட்டின ரெண்டு பல்லும் உன் வாயிலேயே பத்திரமா இருக்கு, இது வேற யாரோடதோ!"