தங்கத்துக்கு என்ன நிறம்?

“எதுங்க ஒசத்தி, பச்சையா ஊதாவா?” என்று ஐடா கேட்டதும் கணவர் கொர்னேலியஸுக்குத் தூரிகை பிடித்த கை நின்றுவிட்டது.

கோலார் தங்கவயலில், கோரமண்டலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னச் சுரங்கத்தில் அவருக்குச் சுரங்கத்தின் வரைபடம் வரையும் வேலை. பணம் போட யோசிக்கும் சீமைத்துரை ஒருவர் வருகிறார். எங்கே தங்கம் அதிகம், எங்கே குறைவு என்று பார்த்ததும் அவருக்குப் புரிய வேண்டும். அவர் பணம் போடாவிட்டால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள், கொர்னேலியஸுக்கும் வேலை போய்விடும்.

பெட்டியிலிருந்த அத்தனை நிறத்தையும் பூசியிருந்தார். படம் மாதா கோயில் தோரணம் போல அழகாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை.

தங்கம் என்றால் மஞ்சள்தானே என்று, தங்கம் அதிகமுள்ள இடங்களை மஞ்சளாக்கினார். மேனேஜர் துரை படத்தைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய் மெழுகுவர்த்தியில் பார்த்தார். அந்த வெளிச்சத்தில் மஞ்சள் நிறம் காகிதத்தோடு காகிதமாகிவிட்டது. தங்கத்தையே காணோமே என்று துரை கத்தினார்.

அடுத்து, பளிச்சென்று தெரிய சிவப்பு. அதைப் பார்த்த மேஸ்திரி காத்தவராயன் தன் ஆட்களையெல்லாம் கேஜ் என்கிற இரும்புக்கூண்டில் ஏற்றிக்கொண்டு மேலே வந்துவிட்டார்.

“வெடிக்காத மருந்து கீற எடத்துலதான் செவப்புக் கொடி நடுவோம். நீங்க நாங்க வேல செய்ற லெவல் பூரா செவப்பு பூசிக்கிறீங்க. எனுக்குப் புள்ளகுட்டி கீதுங்க.”

அன்றைய ஷிப்ட் அதோடு போயிற்று. துரை வாயில் வந்ததையெல்லாம் கொர்னேலியஸ் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஆனால் அவரை லேசாக நினைக்கக் கூடாது. மனசு வைத்தால் வைத்ததுதான். நீலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியை மூடினார். தங்கம் குறைந்த இடத்தில் ஒரே பூச்சு, கூடக் கூட அதே நீலம் மேலுக்கு மேல். அடடா, என்ன படம்! விளக்கமே வேண்டாம். மெழுகுவர்த்தியிலும் தெரிந்தது. கட்டைவிரல் அகலத்துக்குக் கருநீலம், மற்றதெல்லாம் வெளிறிய நீலம். காத்தவராயனே கருநீலத்தில் விரல் வைத்து, சரக்கு இங்கேதான் என்றார். மேனேஜர் துரை கைகுலுக்கினார். ஐடாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

சீமைத்துரை வந்தார். ஆபீஸ் கதவு சாத்தப்பட்டது. கொர்னேலியஸ் வெளியே ஜெபம் செய்துகொண்டு நின்றார். கடைசியில் பியூன் சம்பங்கி வெளியே வந்தார்.

“இன்னா சொன்னாரு?”

“உங்க படத்த அப்பிடிப் புகழ்ந்தாருங்க. இத்தினி வருசத்துல இவ்ளோ தெளிவா எந்தச் சுரங்கமும் அவருக்குப் புரிஞ்சதே இல்லியாம். புரிஞ்ச ஒடனே பணம் போடலன்னு சொல்லிட்டு ரயிலுக்குக் கெளம்பிட்டாருங்க.”