உமாந்துவுக்கு ஒரு மிடறு ஒயின்

வாளிக்குள் மீன் ஒருபக்கமாகச் சாய ஆரம்பித்திருந்தது.

மீன் ஆராய்ச்சியாளன் லியோன்சியோ குனிந்து பார்த்தான். உருண்ட உடம்பு, மேல்நோக்கித் திறந்த பெரிய வாய். டிடிகாகா ஏரியின் கில்லி மீன்களிலேயே பெரியது. உமாந்து என்பார்கள். அவன் பிறப்பதற்கு முன்பே இந்த இனம் அழிந்துவிட்டதாகப் பட்டியலில் எழுதியாகிவிட்டது. அழிந்த மீன் இப்போது அவனுடைய பிளாஸ்டிக் வாளியில் சாகக் கிடந்தது.

"என்ன டாக்டரே, மூச்சு வாங்குதே?" என்றான் மீன் ஆய்வு நிலையத்தின் காவலாளி சபினோ.

"எனக்கா, மீனுக்கா?"

"ரெண்டு பேருக்கும்தான்."

காலையில் சந்தைக் கடையில் மீன்காரி பசிலியா இல்லை. அக்கா பேத்தியின் ஞானஸ்நானத்துக்குப் போயிருந்தாள். அவளுக்குப் பதிலாக வலையை இழுத்து, கடையிலும் உட்கார்ந்திருந்த தோரிபியா, எது என்ன மீன் என்று பார்க்காமல் கராச்சி என்னும் சின்ன மீன்களோடு இதையும் அள்ளிக் கொடுத்துவிட்டாள். ஈர நாணலுக்கு அடியில் இருந்ததால் உயிர் மிச்சமிருந்தது.

பதினொரு வருஷமாகச் சந்தை கூடும் நாளெல்லாம் லியோன்சியோ பசிலியாவிடம் ஒரே கேள்விதான் கேட்டான். "உமாந்து வந்துச்சா?" அவளும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ஒரே பதில்தான் சொன்னாள். "அடுத்த வாரம் பாப்போம்." அதற்கு மேல் பேச்சு நகராது. உடனே போய்விட மனம் வராமல் இரண்டு கிலோ இஸ்பிப் பொடிமீன் வாங்குவான். இஸ்பி அவனுக்குப் பிடிக்காது. சபினோவின் பூனை பெருத்ததுதான் மிச்சம்.

மறுநாள் தலைநகரிலிருந்து மேலதிகாரி அராண்டியா வருகிறார், கில்லி மீன் பிரிவை மூட. மூடினால் லியோன்சியோவுக்குத் தெற்கே உப்பு வெளிக்கு மாற்றல். உயிருள்ள உமாந்து ஒன்றைக் காட்டிவிட்டால் பிரிவும் பிழைக்கும், அவனும் இங்கேயே இருப்பான். இதைப் பசிலியாவிடம் சொல்லியிருக்கலாம். மீனைத் தவிர வேறெதையும் அவளிடம் பேச அவனுக்கு வராது.

"காத்து மோட்டார் இருக்குற தொட்டி ஒண்ணுதான். அதுல டிரவுட் மீனுங்க கிடக்கே," என்றான் லியோன்சியோ.

"ஓரமா விடுங்க. ஒரே ஏரிக்காரங்க, அனுசரிச்சுப் போவாங்க."

டிரவுட் அனுசரிக்கவில்லை. விட்ட வேகத்தில் உமாந்துவின் வால் நுனியைக் காணோம்.

டிரவுட்டுகளை வலைபோட்டுப் பிடித்துக் குளியலறைத் தொட்டிக்கு மாற்றினார்கள். அந்த அவசரத்தில் சபினோ மோட்டாரின் வயரில் கால் தடுக்கி விழுந்தான். மோட்டார் தண்ணீருக்குள் போனது. கட்டடம் முழுக்க மின்சாரம் போனது. ஜன்னல் இல்லாத அறை. லியோன்சியோ போன் வெளிச்சத்தில் எட்டிப் பார்த்தான். போனும் உள்ளே போனது, எடுத்து வைத்திருந்த போட்டோக்களோடு.

"பூனை எங்கடா?"

"குளியலறையில."

அங்கிருந்து கேட்ட சத்தத்தை இருவரும் கேட்காத மாதிரி நின்றார்கள்.

வேறு வழியில்லாமல், இன்னும் உயிரோடிருந்த உமாந்துவை வாளியில் அள்ளிக்கொண்டு லியோன்சியோ பசிலியா வீட்டுக்கு ஓடினான். விசேஷத்துக்கு உடுத்திய பாவாடையோடு வாசலில் நின்றாள்.

"அட, டாக்டரே! நம்ம வீட்டுக்கே வந்துட்டீங்க?"

"உமாந்து கிடைச்சிருச்சு."

சிரித்த முகம் அப்படியே நின்றுவிட்டது. "யாரு குடுத்தா?"

"தோரிபியா."

"அவளுக்கு இருக்கு." வாளிக்குள் பார்த்தாள். "ஏரித் தண்ணியிலதான் இது பிழைக்கும். படித்துறையில என் நாணல் கூடை இருக்கு. நான் பாத்துக்கறேன், நீங்க போய்த் தூங்குங்க."

காலையில் லியோன்சியோ அராண்டியாவைப் படித்துறைக்கு அழைத்து வந்தான். கூடை காலியாக இருந்தது. பக்கத்தில் பசிலியா ஒயின் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள்.

"மீன் எங்க?" என்றான் லியோன்சியோ.

"அனுப்பிட்டேன். வாயில கோகா இலை வச்சு, ஒரு மிடறு ஒயின் ஊத்தி, 'போய் உன் சனத்தையெல்லாம் கூட்டிட்டு வா'ன்னு சொல்லி விட்டேன். மொத மீனை அப்படித்தானே விடணும்? ஒத்தை மீனை வச்சு நீங்க என்ன செய்வீங்க?"

லியோன்சியோவால் திட்ட முடியவில்லை. அவன் அப்பாவும் வலையில் விழும் முதல் மீனை அப்படித்தான் விட்டார். அராண்டியா சேறான காலணிகளைப் பார்த்தார்.

"ஏம்மா, குடிச்சிட்டுப் போன மீன் எப்ப திரும்பி வரும்?"

"அது வர்றப்ப வரும் சார். வந்து வந்து கேட்டுட்டே இருக்கணும்." இதைச் சொல்லும்போது அவள் அராண்டியாவைப் பார்க்கவில்லை.

பிரிவு மூடப்பட்டது. அடுத்த சந்தை நாளில் லியோன்சியோ பெட்டியோடு கடை முன்னால் நின்றான். தெற்கே போகும் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. கடையில் தோரிபியாதான் இருந்தாள்.

"பசிலியா இல்லையா?"

"வலை இழுக்கப் போயிருக்கா. என்ன டாக்டரே, பெட்டியும் கையுமா?"

"மாற்றல். இனி வர மாட்டேன். அன்னைக்கு அந்த மீனைக் காட்டியிருந்தா என்னை இங்கயே விட்டிருப்பாங்க."

தோரிபியாவின் கையிலிருந்த தராசு மீன் குவியலில் விழுந்தது.

"அட கூறுகெட்ட மனுஷா, இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அன்னைக்கு என்னைத் திட்டித் தீர்த்தப்பதான் எனக்கே தெரியும்: 'இது கிடைச்சிட்டா அவரு எதுக்கு என் கடைக்கு வரப்போறாரு'ன்னு, வலையில விழுந்த உமாந்துவையெல்லாம் பதினொரு வருஷமா அவ திரும்ப ஏரியிலயே விட்டுட்டு இருக்காய்யா!"