வாழைமரத்துக்காக நகர்த்திய மீட்டர் பெட்டி

நிறையப் படிப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எதைப் பற்றிப் படித்தாலும் அதைச் செய்யவும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். நீச்சலைப் பற்றிய புத்தகத்தை மூடும்போதே கூந்தல் லேசாக ஈரமாகியிருப்பதுபோல் தோன்றும். எனக்கு அந்த நோய் முற்றி வெளிப்பட்டது, என் தம்பி சரவணனின் கல்யாணத்தில்.

அவனுக்குப் பெண் கொடுக்க இசைந்த தங்கராஜு மாமா, காஹாங் பக்கத்தில், பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார், பேசினால் அது தீர்ப்பு. அவருடைய பழைய இங்கிலாந்து மோட்டார் சைக்கிள் பல வருடங்களாகத் தார்ப்பாய்க்குள் தூங்கிக்கொண்டிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று அதைத் திறந்து காட்டினார்.

"இத ஓட வச்சி, கல்யாணத்துக்கு இதுலயே வாங்க மாப்ள. மீட்டர் முள்ளும் ஏறணும். முள்ளு ஏறலன்னா அது வண்டி இல்ல, வெறும் சத்தம்."

சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. ஆகவே அது விளையாட்டா, பரீட்சையா என்று எங்களுக்கு விளங்கவில்லை. சரவணன் பரீட்சை என்றே எடுத்துக்கொண்டான். பாசிர் கூடாங்கில் ஷிப்ட் வேலை முடித்து வந்து, மாசாயில் எங்கள் வீட்டு முன்வாசலிலேயே அந்த வண்டிக்கு உயிர் கொடுத்துவிட்டான். வேகம் காட்டும் மீட்டர் முள் மட்டும் அசையவில்லை. முன்சக்கரத்து மீட்டர் பெட்டி தேய்ந்துவிட்டதென்று வேறொன்றை வாங்கினான். கல்யாண வாரத்தில் அவனுக்கு வேலை நெருக்கடி.

"க்கா, இத மெக்கானிக் கடையில குடுத்துரு. நீ ஒண்ணும் செய்யாத."

"ஏன்டா? நான் படிச்சவதானே?"

"அதான்க்கா பயமா இருக்கு."

நான் மெக்கானிக்கிடம் கொடுக்கவில்லை. வண்டியோடு ஒரு கையேடு இருந்தது. கையேடு இருக்கும்போது மெக்கானிக் எதற்கு? பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்யுளை வரிவரியாகப் பிரித்துப் பொருள் சொல்வதுபோல் அதைப் பிரித்துப் படித்தேன். விஷயம் எளிது. சக்கரத்தின் அச்சில் ஒரு சிறு வட்டப் பெட்டி. அதற்கு இரண்டு காதுகள். அந்தக் காதுகள் சக்கரத்தின் நடுவிலுள்ள இரண்டு பள்ளங்களில் உட்கார்ந்தால், சக்கரம் சுற்றும்போது உள்ளேயிருக்கும் பல்சக்கரம் சுழலும். அது கேபிளைச் சுழற்றும். கேபிள் மேலே மீட்டரின் முள்ளை நகர்த்தும். பெட்டி மட்டும் சுற்றக் கூடாது. அதற்காகவே முன்கம்பியில் ஒரு முட்டு இருக்கிறது. பெட்டி அதில் சாய்ந்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் முறைப்படி மாட்டினேன். சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றியபோது முள் நடுங்கி எழுந்தது. (அந்த நிமிடம் யாராவது எனக்கு மாலை போட்டிருந்தால் மறுத்திருக்கமாட்டேன்.)

கல்யாணக் காலையில், மண்டபத்துத் தெருமுனையில், சித்தப்பா வண்டியின் இரண்டு முன்கம்பிகளிலும் சிறு வாழைக்கன்றுகளைக் கட்டினார். வலப்பக்கத்து வாழை நிமிர்ந்து நின்றது. இடப்பக்கத்தது மீட்டர் பெட்டியில் இடித்துச் சாய்ந்தது.

"என்ன லா இது? கல்யாண வாழ சாயக்கூடாதும்மா. அந்த டப்பாவக் கொஞ்சம் தள்ளி வையேன்."

தள்ளி வைத்தேன். பட்டுப்புடவையோடு குனிந்து, ஸ்பேனரால் திருகாணியைத் தளர்த்தி, பெட்டியை முட்டிலிருந்து விலக்கித் திருப்பி, மறுபடி இறுக்கினேன். வாழை நேராக நின்றது. கையேட்டில் வாழையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. இங்கிலாந்தில் கட்டுவதில்லை போலும்.

உறுமி மேளம் முன்னே அதிர, தம்பி தலைப்பாகையோடு வண்டியில் ஊர்ந்து வந்தான். நான் சீர்த்தட்டை ஏந்தி மண்டப வாசலுக்குப் போய் நின்றேன். தங்கராஜு மாமா மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. குனிந்து மீட்டரைப் பார்த்தார்.

"முள்ளு தூங்குதே, மாப்ள."

"மேளத்துக்குப் பின்னால மெதுவா வந்தேன், மாமா."

"அப்ப மேளம் ஒதுங்கட்டும். முனைக்குப் போயி ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

மேளக்காரர்கள் ஒதுங்கினார்கள். தம்பி முனைவரை போய்த் திரும்பி, வேகமெடுத்து வந்தான். அதன்பின் நடந்ததை என் கண் பார்த்தது. மனம் நம்ப மறுத்தது. முட்டிலிருந்து விலகிய பெட்டி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றத் தொடங்கியது. கேபிள், நூல்கண்டில் நூல் ஏறுவதுபோல் அச்சில் ஏறியது. மேலே மீட்டர் ஒருமுறை தலையாட்டியது. அடுத்த கணம் முகப்பு விளக்கிலிருந்து பிடுங்கிக்கொண்டு பாய்ந்தது. போகிற போக்கில் கேபிள் வாழையின் கயிற்றையும் இழுக்க, கன்று பணிவாகக் குனிந்து சக்கரத்துக்குள் நுழைந்தது. வண்டி நின்றது. தம்பி நிற்கவில்லை. வழுக்கி வந்து, தலைப்பாகை கண்ணை மறைக்க, மாமனாரின் காலடியில் குப்புற விழுந்தான்.

மேளம் நின்றுவிட்டது. அந்த அமைதியில் பெண்வீட்டு அம்மாள் ஒருவர் நெகிழ்ந்து சொன்னது தெளிவாகக் கேட்டது:

"எவ்ளோ மரியாத பாருங்க! உள்ள வர்றதுக்கு முன்னயே கால்ல விழுந்துட்டாரு!"

மாமாவின் கை பழக்கத்தில் தானாக உயர்ந்தது. "நல்லா இருங்க," என்று ஆசீர்வதித்தார். பிறகுதான் நடந்ததை உணர்ந்து, மீட்டரைப் பொறுக்கியெடுத்தார். கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தது. கல்யாணம் இத்தோடு நின்றது என்றே நான் நினைத்தேன்.

"யாரு மாட்டுனது?"

தம்பிக்கு அடி ஏதுமில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறுதியாயிற்று. தலைப்பாகையைக்கூடச் சரிசெய்யாமல், தரையிலிருந்தபடியே என் பக்கம் கைநீட்டினான். "அக்கா!"

மாமா என்னிடம் வந்தார். "டீச்சர், காது ரெண்டும் பள்ளத்துல ஒக்காந்துச்சா?"

"ஒக்காந்துச்சு, மாமா."

"முட்டு?"

"வாழ... சாஞ்சி இருந்துச்சு, மாமா."

அவர் சக்கரத்தில் கூழாகியிருந்த வாழையைப் பார்த்தார். மீட்டரைப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. நெஞ்சுவலியோ என்று பயந்தேன். சிரிப்பு! அவர் சிரித்து அவருடைய மகள்கூட அதிகம் பார்த்ததில்லையாம்.

"என் கையில அறுபது மைல தாண்டாத முள்ளு. வாசல்லயே எண்பதுல போயி நிக்கிது. ஏறணும்னுதானே சொன்னேன்? ஏறிருச்சு லா! மேளத்த அடிங்க!"

தாலி கட்டும்போது நாத்தனாராக நான் மூன்றாவது முடிச்சுப் போடக் குனிந்தேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது: "டீச்சர், இதையாச்சும் இறுக்கிப் போடுங்க." ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

அடுத்த வாரமே மாமா அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். இருவருமாக உட்கார்ந்து அதைச் சரியாக மாட்டினோம். எண்பதில் நின்ற மீட்டரை மட்டும் அவர் மாற்றவிடவில்லை.

இன்றும் எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணத்திலும் வாழை கட்டும்போது, "டீச்சர் அக்கா கையில ஸ்பேனர் இருக்கா பாருங்க" என்று யாராவது குரல் கொடுப்பார்கள். அண்மையில் ஓர் உறவினர் வீட்டில் இடப்பக்கத்து வாழை நன்றாகவே சாய்ந்து நின்றது. என் கை பரபரத்தது. பக்கத்திலிருந்த தங்கராஜு மாமா திரும்பாமலே சொன்னார்:

"சாயட்டும், டீச்சர்."

சாய்ந்தபடியே விட்டுவிட்டோம். கல்யாணம் நேராகத்தான் நடந்தது.