எழிலன் விட்ட விடுமுறை

கலெக்டர் மட்டுமே விடக்கூடிய மழை விடுமுறையை, எழிலன் வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குச் செம்மண்டலத்தில் தன் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே விட்டுவிட்டான்.

அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குச் சிதம்பரத்தில், அவன் பி.காம் மூன்றாம் ஆண்டு படிக்கும் கல்லூரியில், ப்ராஜெக்ட் வைவா. 'தேவனாம்பட்டினம் மீன் விற்பனையாளர்களிடையே வாட்ஸ்அப் பயன்பாடு: ஓர் ஆய்வு' என்று தலைப்பு மட்டும் பிரமாதமாக முடிந்திருந்தது. நூறு பேரை நேரில் பார்த்துக் கேள்வித்தாளை நிரப்ப வேண்டும். எழிலன் பார்த்தது நான்கு பேரை. நாலாவது அம்மா, "மீனு வாங்கறியா, இல்ல நடையக் கட்றியா?" என்று கேட்டதோடு ஆய்வு நின்றுபோனது. மீதித் தொண்ணூற்றாறு பேரும் அவன் வீட்டுக் கட்டிலில், ஒரே நீலப் பேனாவில், ஒரே கையெழுத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். முப்பத்தெட்டாவது ஆளுக்கே கை வலி வந்துவிட்டது.

வெளியே தூறல். கார்த்திகை மாதத்தில் தூறல் விழுந்தால் கடலூர் மாணவனுக்குக் குடை ஞாபகம் வராது, விடுமுறை ஞாபகம்தான் வரும். போன வருட மழையில் ஏதோ ஒரு டிவிக்காரர்கள் போட்ட படம் அவன் செல்போனில் இருந்தது. 'கனமழை: கடலூர் மாவட்டத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கு நாளை விடுமுறை.' எழிலன் தேதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான்.

குழு குதியாட்டம் போட்டது. "மச்சான் நெசமாவா?" என்று நாலு பேர், ஆடும் பொம்மைப் படத்தோடு பத்துப் பேர். அரைமணி நேரம் கழித்து வகுப்புத் தலைவி ஸ்ரீமதி வந்தாள். வாய் தவறிக்கூட நல்ல செய்தி சொல்லாதவள். "கன்ஃபார்ம். நாளைக்கு லீவு" என்று எழுதினாள்.

தன் பொய்க்கு ஸ்ரீமதியே முத்திரை குத்திவிட்டாளே என்று எழிலனுக்குப் பெருமை தாங்கவில்லை. பேனாவை மூடி வைத்தான்.

அந்தப் பெருமை ஏழு மணிச் செய்திவரைதான். 'விடுமுறை குறித்து வதந்தி பரப்பினால் கடும் நடவடிக்கை' என்று டிவியில் எழுத்து ஓடியது. பாய்ந்துபோய் அந்தப் படத்தை அழித்தான். அவசரத்தில் 'எல்லாருக்கும் அழி' என்பதை அமுக்காமல் 'எனக்கு மட்டும் அழி' என்பதை அமுக்கிவிட்டான். இப்போது அந்தப் படம் வகுப்பில் ஐம்பத்தெட்டுப் பேரிடம் இருந்தது. அவனிடம் மட்டும் இல்லை.

"லீவு கிடையாது. எல்லாரும் வந்துருங்க" என்று எழுதினான். பதிலுக்குப் பதினேழு செருப்புப் படங்கள் வந்தன. "சும்மா குழப்பாதே" என்று ஸ்ரீமதி குழுவையே பூட்டிவிட்டாள். இனி அட்மின் மட்டும்தான் எழுதலாம்.

வகுப்புத் தோழன் அன்பரசுவுக்குப் போன் போட்டான்.

"மச்சான், நாளைக்கு லீவு இல்லடா. காலேஜுக்கு வந்துரு."

"போடா டேய். எங்கப்பாவே சொல்லிட்டாரு லீவுன்னு."

படம் அன்பரசுவின் அப்பாவரைக்கும் போய்விட்டது!

"அது பொய்டா. நான்தான் கெளப்பி விட்டேன்."

"ஆமா, நீதான் கலெக்டரு. வாசல்ல சைரன் வச்ச காரு நிக்குதா பாரு."

"சத்தியமா மச்சான்!"

"எனக்குத் தெரியும்டா. நீ படிச்சி முடிச்சிட்ட. நாங்கல்லாம் படிக்காம வந்து மாட்டணும், அதானே? வைடா போன."

அடுத்து கனிமொழி. எதையும் நிதானமாகக் கேட்கிற பெண்.

"எழில், ஹெச்.ஓ.டி. சாரே லீவுன்னு சொல்லிட்டாராம். நீ இன்னா, அவருக்கு மேலயா?"

எழிலன் போனை வைத்தான். துறைத் தலைவர் தட்சிணாமூர்த்தி, கையெழுத்து கோணலாக இருந்தாலே பெற்றோரை அழைத்து வரச் சொல்கிறவர். அவரே இந்தப் படத்தை நம்பி ஏமாந்திருக்கிறார் என்றால், நாளைக்கு உண்மை தெரியும்போது கையில் டி.சி.யைக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார். போலீஸ் கேஸ் வேறு. நெய்வேலியில் வேலை பார்க்கும் அப்பா வார விடுமுறைக்கு வரும்போது பிள்ளை வீட்டில் இருப்பானா என்பதே சந்தேகம்.

விடியும்போது ஒரு யோசனை வந்தது. வதந்தி பரப்பியவன் கல்லூரிக்கு வருவானா? மாட்டான். ஆகவே போய்விட வேண்டும். வந்த ஒரே மாணவன் மேல் யார் சந்தேகப்படுவார்கள்?

வெயில் சுள்ளென்று அடித்தது. மானம் கெட்ட வானம், ஒரு பொட்டு மேகம்கூட இல்லை. இருந்தாலும் கடைசியாக ஒரு நப்பாசை. இட்லியைப் பிய்த்தபடி அம்மாவிடம் கேட்டான்.

"எம்மா, பசங்கல்லாம் இன்னிக்கு லீவுன்றாங்க..."

பவானி சட்னி ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "லீவு விட்டா பெத்தவங்களுக்குத்தான மெசேஜ் வரும்? நீ ஒரு நாளு மட்டம் போட்டாலே டொய்ங்குன்னு வருது. எனக்கு ஒண்ணும் வரல. எவனோ வேலவெட்டி இல்லாதவன் கெளப்பி விட்டிருக்கான்."

எழிலன் அவசரமாகத் தண்ணீரை எடுத்துக் குடித்தான்.

மற்ற நாட்களில் மூன்று தடவை கத்தினால்தான் அவன் எழுந்திருப்பான், அவள் வாய் அதற்கப்புறமும் ஓயாது. இன்று பையை அவளே தோளில் மாட்டிவிட்டாள். மதியத்துக்குப் புளிசோறு கட்டியிருந்தாள்.

"ஜாஸ்தியா இருக்கேம்மா."

"கூட இருக்கறவுங்களுக்குக் குடு. சாயங்காலம் வரைக்கும் இருந்து எல்லா வேலையும் முடிச்சிட்டே வா. அவசரமே இல்ல."

இவ்வளவு நம்புகிற அம்மாவைப் போய் ஏமாற்றினோமே என்று எழிலனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிதம்பரம் பஸ்ஸில் வேறு கல்லூரிப் பிள்ளைகள் வழக்கம்போல் தொங்கிக்கொண்டு வந்தார்கள். அவன் கல்லூரி அட்டை ஒரு கழுத்தில்கூட இல்லை. மாவட்டத்தில் அவன் கல்லூரி ஒன்றுதான் ஏமாந்திருக்கிறது.

கல்லூரி கேட் பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலி போட்டு, பேப்பரால் விசிறிக்கொண்டு அலுவலக உதவியாளர் கொளஞ்சியப்பன் உட்கார்ந்திருந்தார்.

"வா தம்பி, ஒக்காரு."

"யாருமே வரலியாண்ணே?"

"வருவாங்க, வருவாங்க."

"ஹெச்.ஓ.டி. சாரு?"

"அவரும் வருவாரு."

"வெளியூரு எக்ஸாமினரு?"

"மொதல்ல நீ ஒக்காரு தம்பி. புளிசோறா? வாசன தூக்குதே."

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வராந்தாவில் விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. வகுப்புகள் பூட்டிக் கிடந்தன. பிரின்சிபால் வரவில்லை, கேன்டீன் மாஸ்டர்கூட வரவில்லை. ஒரு படத்தைப் போட்டு எண்ணூறு பேர் படிக்கிற கல்லூரியையே மூடிவிட்டோமே என்று எழிலனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொளஞ்சியப்பனோ பாதிக்குமேல் புளிசோற்றை முடித்துவிட்டு, "ஒங்கம்மா கைப்பக்குவமே தனி" என்று ஏப்பம் விட்டார்.

இனி தாங்காது. உண்மையை ஒப்புக்கொண்டால் டி.சி.யோடு போய்விடும், கேஸாவது இல்லாமல் போகும். எழிலன் வெள்ளைத் தாள் எடுத்து, 'மதிப்பிற்குரிய துறைத் தலைவர் ஐயா அவர்களுக்கு' என்று தொடங்கினான். முதல் பக்கத்தில் போலிப் படத்தைப் பற்றி எழுதினான். உண்மையைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தில் தொண்ணூற்றாறு பொய் மீன்காரர்களும் வந்துவிட்டார்கள். மூன்றாம் பக்கத்தில், ரத்ததான முகாமில் ரத்தம் கொடுக்காமலே ஜூஸ் குடித்ததுவரை எழுதிக் கையெழுத்துப் போட்டான். அவன் ப்ராஜெக்டைவிட அது நன்றாக வந்திருந்தது.

துறைத் தலைவர் அறை பூட்டியிருந்தது. தாள்களைச் சேர்த்துக் குண்டூசி குத்திக் கதவுக்கடியில் தள்ளிவிட்டான்.

தள்ளிய மறுநிமிடம் புத்தி வந்தது. மீன்காரர்களைப் பற்றி யார் கேட்டார்கள்? ஜூஸைப் பற்றி யார் கேட்டார்கள்? தரையில் படுத்து ஸ்கேலை விட்டு இழுத்தான். கடிதம் இன்னும் ஒரு சாண் உள்ளே போனது. மூலையில் கிடந்த துடைப்பத்தை எடுத்து நெம்பினான். கடிதம் வழுக்கிக்கொண்டு போய் அறைக்கு நட்டநடுவே, வருகிறவர் கண்ணில் பட்டே தீரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அப்போது கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர் சத்தம் கேட்டது.

தட்சிணாமூர்த்திதான். பின்னால் கயிறும் ஏணியுமாக இரண்டு பேர். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, செருப்பில் ஒரு கிலோ சேற்றோடு மைதானத்தைத் தாண்டி வந்தார். துடைப்பமும் கையுமாகத் தரையில் கிடந்தவனைப் பார்த்தார்.

"எழிலன்? நீ இன்னாப்பா பண்ற இங்க?"

எழிலன் துடைப்பத்தோடு எழுந்து நின்றான். அவர் பூட்டைத் திறந்து விறுவிறுவென்று உள்ளே போனார். வலது கால் நேராகக் கடிதத்தின் மேல் விழுந்தது. அலமாரியிலிருந்து ஏதோ ஃபைலை எடுத்துக்கொண்டு திரும்பினார். சேற்றில் ஒட்டிக்கொண்ட கடிதமும் செருப்போடு சப்பு சப்பென்று திரும்பி வந்தது.

"சார்... அந்த லீவு... நேத்து..."

"ஆமாம்ப்பா, இன்னா பண்றது! சாயங்காலம் அஞ்சு மணிக்கு டிரான்ஸ்பார்மர் வெடிச்சுப்போச்சு. காலேஜ் பூரா கரன்ட் இல்ல, மோட்டார் ஓடல, தண்ணி இல்ல. பிரின்சிபால் கிட்ட பேசி லீவு விட்டு, எல்லாரு வீட்டுக்கும் மெசேஜ் அனுப்ப வச்சேன். வைவா திங்கக்கெழமதான். தெரிஞ்சுமா வந்த?"

எழிலன் வாயைப் பிளந்தான். ஸ்ரீமதி உறுதி செய்தது இந்த விடுமுறையை. அன்பரசுவின் அப்பா சொன்னது இந்த விடுமுறையை. அவன் போட்ட படத்தை நம்பி ஐம்பத்தெட்டுப் பேரில் ஒருத்தர்கூட வீட்டில் தங்கவில்லை! கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவமானத்துக்கு இடம் இல்லை.

"ப்ராஜெக்ட் வேலையா வந்தேன் சார். லீவு நாள்ல அமைதியா இருக்குமேன்னு..."

"லீவு நாள்லயா? வெரிகுட்!"

அவர் வாசலை நோக்கி நடந்தார். செருப்படியில் 'மதிப்பிற்குரிய' மட்டும் எட்டிப் பார்த்தது. இன்னும் நாலு எட்டு வைத்தால் வெளிச்சத்துக்குப் போய்விடுவார். எழிலன் யோசிக்கவே இல்லை. நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தான்.

"ஆசீர்வாதம் பண்ணுங்க சார்!"

"ஏய், இன்னாப்பா இது? எழுந்திரு, எழுந்திரு!" என்று பதறி அவர் காலைப் பின்னுக்கு இழுத்தார். கடிதம் செருப்பிலிருந்து பிரிந்து எழிலன் கையோடு வந்தது. அதை அப்படியே சட்டைக்குள் திணித்துக்கொண்டு எழுந்தான்.

தட்சிணாமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன். நல்லா இருப்ப" என்று தோளில் தட்டிவிட்டு, ஏணிக்காரர்களோடு டிரான்ஸ்பார்மர் பக்கம் போனார்.

எழிலன் கடிதத்தைச் சுக்கு நூறாகக் கிழித்தான். டி.சி. இல்லை, கேஸ் இல்லை, வைவா திங்கட்கிழமை. நடுவில் முழுசாகச் சனி, ஞாயிறு இருக்கிறது. தேவனாம்பட்டினத்துக்குப் போய் அந்த அம்மாவிடம் மீன் வாங்கியாவது பதில் கேட்டுவிடலாம். சிரிப்பாக வந்தது. சேற்றுச் சட்டையோடு கேட்டுக்கு வந்து கொளஞ்சியப்பன் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, லீவுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல? காலையிலயே ஒரு வார்த்த சொல்லியிருந்தா திரும்பிப் போயிருப்பேன்ல?"

"தெரியும்தான் தம்பி."

"எங்க வீட்டுக்கு மட்டும் மெசேஜே வரலண்ணே. எங்கம்மா நம்பரு தப்பா இருக்குதான்னு ரிஜிஸ்டர்ல கொஞ்சம் பாருங்க."

"நம்பரெல்லாம் சரியாத்தான் இருக்கு. மெசேஜ் போன அஞ்சாவது நிமிசமே ஒங்கம்மா ஆபீசுக்குப் போன் பண்ணிட்டாங்களே."

"எங்கம்மாவா? எதுக்கு?"

கொளஞ்சியப்பன் பேப்பரை மடித்து வைத்தார்.

"'அண்ணே, லீவுன்னு நான் அவங்கிட்ட சொல்லப்போறதில்ல, நீங்களும் சாயங்காலம் வரைக்கும் வாயத் தொறக்காதீங்க, இருவது வருசத்துல அவன் லீவு நாள்ல ஒரே ஒரு நாளாவது எனக்கும் லீவு வேணும்'னாங்க."